நைனாவின் காதும் அறுபத்து நாலு கேபிபிஎஸ்ஸும்

போன வாரம் பெங்களூர் லிங்கராஜபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். போய்க்கொண்டிருந்தேன் என்பது பஸ்ஸுக்குக் கொடுக்கும் மரியாதை. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். பொழுது போகாமல் ஃபோனில் பாட்டுச் செயலியைத் திறந்தால், அது பாட்டுப் போடுவதற்குப் பதிலாக உபதேசம் செய்ய ஆரம்பித்தது. நான் கேட்கிற தரம் மட்டமானதாம். மாதாமாதம் கொஞ்சம் கூடக் கொடுத்தால் 'லாஸ்லெஸ்' தருமாம். ஒரு துளி சத்தத்தைக்கூட இழக்காமல் கேட்கலாமாம். ஒரு பக்கம் தண்ணீர் லாரி, மறுபக்கம் ஆட்டோ, பின்சீட்டில் ஸ்பீக்கரைப் போட்டு நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். இதில் எந்தத் துளியை நான் இழந்துவிட்டேன் என்று நினைத்தால் சிரிப்பு வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து சீட்டுப் பெண் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

அவளுக்கு என்ன தெரியும், ஒரு காலத்தில் பிட் ரேட், கோடெக், ஃபர்ம்வேர் என்று வாய் ஓயாமல் பேசித்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. ஃபோனிலேயே எல்லாம் வந்துவிட்ட பிறகு பிறந்தவர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: அதற்கு முன்னால் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒரு சாமான் இருந்தது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு சின்ன பேட்டரி போடுவார்கள், கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். மூன்று வரி தெரியும் நீலத் திரை. அதன் அட்டைப் பெட்டியைத் திறந்தால் புது பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்த ஒரு வாசனை அடிக்கும். எஸ்.பி. ரோட்டில் நான் வேலை பார்த்த கடை முழுக்க அந்த வாசனைதான். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலைமுடியில் இருக்கும். மல்லிகை வைத்தாலும் மல்லிகைதான் தோற்கும்.

வீடு என்றால் கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, எங்கள் லைன் வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் விடியுமுன் ரயில் பிடித்து பெங்களூர் வந்து, இருட்டிய பிறகு திரும்புகிறவர்களாக மாறிவிட்டார்கள். நைனாவும் அப்படித்தான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பூமிக்கடியில் பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தவர், பூமிக்கு மேலே நீலச் சட்டை போட்டு ஒரு கட்டடத்தின் வாசலில் செக்யூரிட்டியாக நின்றார். அங்கிருந்து நாலு தெரு தள்ளி ஒரு கடையில் விற்பனைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவர்தான் தகவல் கொண்டுவந்தார். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் போய் நின்றேன்.

கடை முதலாளி நாலு தலைமுறையாக பெங்களூரிலேயே இருக்கும் தமிழர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். "எம்பி3 பிளேயர் பத்தி கொத்தாம்மா?" என்று கேட்டார். கொத்து என்றால் தெரியும் என்று அர்த்தம். நான் "சென்னாகி கொத்து சார்" என்றேன், நன்றாகவே தெரியும் என்று. என் வாழ்நாளில் அதுவரை ஒரே ஒரு பிளேயர்தான் பார்த்திருந்தேன், ஒரு கல்யாணத்தில் துபாய்க்காரர் ஒருவரின் கழுத்தில். அதையும் ஏதோ ஆஸ்துமாவுக்கு இழுக்கிற மருந்து என்று நினைத்தேன். முதலாளி என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "மூணு மாசம் பாக்கறேன். கஸ்டமர் கேக்கற கேள்விக்கு பதில் சொல்லத் தெரிஞ்சா பர்மனென்ட். இல்லன்னா பேஜார் பண்ணிக்காதே" என்றார். நைனாவின் சம்பளம் அரிசிக்கும் ரயில் பாஸுக்குமே சரியாக இருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவுதான் என் இசை ஆர்வம்.

தெரியாததைப் படிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. ஞாயிறு பள்ளியில் வினாவிடைப் புத்தகம் கொடுப்பார்கள். கேள்வி ஒரு வரி, பதில் இரண்டு வரி. புரிந்ததா என்று யாரும் கேட்கமாட்டார்கள், தப்பில்லாமல் ஒப்பித்தால் பரிசு. நான் பரிசு வாங்குகிற ஜாதி. காலி அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அவற்றின் முதுகில் எழுதியிருந்ததையெல்லாம் தமிழில் பெயர்த்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் வினாவிடையாகவே எழுதிவிட்டேன். ரயிலில் நைனா அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார், நான் ஒப்பிப்பேன்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. டிரில் மிஷின் பக்கத்தில் பாதி ஆயுளைக் கழித்தவருக்குக் காது மந்தம். அவர் ரகசியம் பேசுவதாக நினைத்துப் பேசினால் அடுத்த பெட்டிக்குக் கேட்கும். "கோடெக் என்றால் என்ன?" என்று, வீட்டில் "இன்னா கீது" என்று பேசுகிற மனுஷன், கோயில் பிரசங்கத் தமிழில் முழங்குவார். பெட்டியே என் பதிலுக்குக் காத்திருக்கும். "கோடெக் என்பது பாட்டைச் சின்னதாக மடித்து வைப்பதற்கும் கேட்கும்போது விரிப்பதற்கும் உள்ள முறை" என்று நான் சொல்ல, "ஆமா, ஹோல்டால்ல படுக்கைய சுத்தற மாதிரி" என்று யாராவது ஒத்து ஊதுவார்கள். ஒரு மாதத்தில் அந்தப் பெட்டியில் முக்கால்வாசிப் பேருக்குப் பாடம் மனப்பாடம். தையல் ஃபேக்டரிக்குப் போகும் ஸ்டெல்லாக்கா, மடியில் அவரைக்காய் உரித்துக்கொண்டே எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுவாள். "பிட் ரேட்டுன்னா ஒரு செகண்டுக்கு எவ்ளோ விவரம் கொட்டுதுன்னு கணக்கு. கொழாத் தண்ணி மாதிரி. அகலமா வந்தா பாட்டு நல்லா இருக்கும், ஆனா கொடம் சீக்கிரம் ரொம்பிடும்." இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை படிக்கவில்லை. அந்தப் பெட்டியில் பிளேயர் வைத்திருந்தவர் ஒருவரும் கிடையாது.

கடையில் இந்த ஞானம் செல்லுபடியானது. ஃபிளாஷ் மெமரி என்றால் உள்ளே சுற்றுகிற தட்டு எதுவும் இல்லை, அதனால் பெங்களூர் ரோட்டுக் குழியிலும் பாட்டுத் தாவாது என்பேன். ஃபர்ம்வேர் என்றால் பிளேயரைப் பிளேயராக நடந்துகொள்ளச் சொல்லும் உள்ளிருக்கும் புத்தி. அதற்குக் கிறுக்குப் பிடித்தால் புதுசாக ஏற்றிக்கொள்ளலாம், மனிதர்களுக்கு அந்த வசதி இல்லை என்பேன். கஸ்டமர்கள் சிரிப்பார்கள். எம்பி4 என்று ஒரு சாமான் வந்தபோது, எம்பி3க்கு அது ஒரு வகுப்பு மேலே என்று எல்லாரும் நினைத்தார்கள். உண்மையில் அதில் படமும் ஓடும், அவ்வளவுதான். முதலாளி அந்த நம்பிக்கையைக் கெடுக்க விரும்பாமல், பக்கத்தில் ஸ்டிக்கர் அடிக்கிற கடையில் சொல்லி எம்பி6 வரைக்கும் ஒட்டிவிட்டார். எம்பி5 கேட்டு வந்தவரிடம் "அது அவுட்டேட்டட் சார்" என்று நான் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது கொயர் மாஸ்டர் வந்தார். லிங்கராஜபுரத்தில் ஒரு சர்ச்சில் பாட்டுக் குழுவை நடத்துகிறவர், பார்த்தாலே கணக்கு வாத்தியார் என்று தெரியும், அப்படியே இருந்தார். கிறிஸ்துமஸுக்குப் பதினாறு பாட்டு. ஒவ்வொன்றையும் நாலு குரலுக்கும் தனித்தனியாக, அந்தந்தக் குரல் தூக்கலாகவும் மற்றவை பின்னாலும் இருக்கும்படி பதிந்து சி.டி.யில் வைத்திருந்தார். குழுவில் இருபத்தெட்டுப் பேர். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், ஒத்திகைக்கு வரமுடிவதில்லை. ஆளுக்கொரு பிளேயர் வாங்கிக் கொடுத்துவிட்டால் பஸ்ஸில் போகும்போதே பழகிக்கொள்வார்கள் என்பது அவர் திட்டம். இருபத்தெட்டு பிளேயர் என்றதும் முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து, அவருக்குக் காபி சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "இத முடிச்சிடு, ஒன் வேல முடிஞ்ச மாதிரி" என்றார். எந்த அர்த்தத்தில் முடிந்த மாதிரி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிக்கல் இடத்தில்தான். மொத்தம் அறுபத்து நாலு பாட்டு. அவர் கேட்ட மாடலில் நூற்று இருபத்தெட்டு கேபிபிஎஸ் என்கிற வழக்கமான பிட் ரேட்டில் போட்டால் நாற்பதுகூடக் கொள்ளாது. பெரிய மாடல் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நான் நோட்டை மனதில் புரட்டினேன். "ஒண்ணும் பிரச்சன இல்ல சார், அறுபத்து நாலுல போட்டுடலாம். எம்பி3ங்கறது மனுஷக் காதுக்குக் கேக்காத சத்தத்த மட்டும்தான் எடுத்துப் போடும். வித்தியாசமே தெரியாது" என்றேன். ஒரே பாட்டை முழுசாக ஒரு தரமும் மடித்து ஒரு தரமும் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா ரோட்டுச் சத்தம் வேற, வயசும் ஆச்சு. வேற யாராவது கேட்டுச் சொல்லட்டும்" என்று சுற்றும்முற்றும் பார்த்தார்.

வாசலில் நைனா நின்றுகொண்டிருந்தார். காலையில் ரயிலிலிருந்து இறங்கும் அவசரத்தில் என் டிஃபன் டப்பாவை மேல்தட்டிலேயே விட்டுவிட்டிருந்தேன். அதை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு இடைவேளையில் வந்திருந்தார். "செக்யூரிட்டி, நீங்க கொஞ்சம் வாங்க" என்று மாஸ்டர் கூப்பிட்டார். நைனாவுக்கு ஏக சந்தோஷம். மூன்று மாதமாக ஊருக்கே கேட்கும்படி கேள்வி கேட்ட சாமானை அன்றுதான் முதல்முறையாகக் காதில் வைக்கிறார். இரண்டு பாட்டையும் கேட்டார். கேட்டுக்கொண்டே கண்ணாடி மேசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மொதல்ல வந்தது கெட்டியா கீது சார். ரெண்டாவது பொள்ளல்."

"பொள்ளல்னா?"

"மைன்ஸ்ல எறங்குனா, வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கூரைய கம்பியால தட்டிப் பாப்போம். நல்ல பாறன்னா கணீர்னும். உள்ள வெடிச்சிருந்தா பொதுக்குன்னும். அதுக்கடில நிக்கக் கூடாது. இந்தப் பாட்டு அந்த மாதிரி கீது."

மாஸ்டர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூன்று மாதமும் ரயில் பாஸும் அரிசியும் இருந்தன. நான் மாஸ்டர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு சிரிப்பும் சிரித்து, "கே.ஜி.எஃப். ஆளு சார். வெடிச் சத்தத்துல காது போனவரு. இவரு சொல்றத எடுத்துக்காதீங்க" என்றேன்.

என் அப்பா என்று சொல்லவில்லை.

மாஸ்டர் "அடப் பாவம்" என்று தலையாட்டினார். இருபத்தெட்டுக்கும் அங்கேயே ஆர்டர் எழுதினோம். நைனா இயர்ஃபோனைக் கழற்றி, ஒயரைச் சிக்கல் இல்லாமல் சுற்றி, மேசைமேல் வைத்தார். பிறகு டிஃபன் டப்பாவை என் பக்கம் நகர்த்தி, "மேடம், ஒங்க சாப்பாடு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்குத் தக்காளிச் சாதமும் கருவாட்டு வறுவலும். மூடியைத் திறந்தேன், வாசனை வந்தது, மூடிவிட்டேன். முதலாளி கடை சாத்தும்போது, "ஆயித்தும்மா, பர்மனென்ட்" என்றார். நான் தேங்க்ஸ் சொன்னேன்.

ரயிலில் நைனா நோட்டை எடுக்கவில்லை. "இன்னாண்ணா, இன்னிக்குப் பாடம் இல்லியா?" என்று ஸ்டெல்லாக்கா கேட்டதற்கு, "பரீட்ச முடிஞ்சிபோச்சு. பாஸ் பண்ணிட்டா" என்று சிரித்தபடியே சொன்னார். அவருக்குக் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகத்தானே சொன்னேன், மேடம் என்றது சும்மா விளையாட்டு என்று என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன். அப்போது எதிர் சீட்டில் அவரோடு சுரங்கத்தில் இருந்த ஒருவர் ஏறி உட்கார்ந்தார். ரயில் இரைச்சலில் வாயை மட்டும் அசைத்து என்னவோ கேட்டார், நைனாவும் வாயை மட்டும் அசைத்துப் பதில் சொன்னார். டிரில் ஓடும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்தேதான் முழு ஷிஃப்டும் பேசிக்கொள்வார்கள். இது எங்கள் லைனில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு மட்டும் அன்று மத்தியானம் மறந்துபோயிருந்தது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்து மாஸ்டர் திரும்ப வந்தார். சண்டைக்கு வரவில்லை, அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. "வீட்ல அமைதியா உக்காந்து கேட்டா ஆல்ட்டோ குரலும் டெனர் குரலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரையுதும்மா. பிள்ளைங்க தப்பாப் பழகிட்டாங்க" என்றார். உட்கார்ந்து யோசித்தால் வழி இருக்கத்தான் செய்தது: எல்லாருக்கும் எல்லாக் குரலும் எதற்கு? ஆளுக்கு அவரவர் குரலில் பதினாறு பாட்டை மட்டும் நல்ல பிட் ரேட்டில் போட்டால் இடம் மிச்சமே இருக்கும். இதை நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம். வினாவிடையில் அந்தக் கேள்வி இல்லை. இருபத்தெட்டையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தேன். கிளம்பும்போது, "அந்த செக்யூரிட்டி எங்கம்மா இருக்காரு? அவரு காதுக்கு ஒரு கும்பிடு போடணும்" என்றார்.

"அவரு எங்கப்பா சார்" என்றேன். மாஸ்டர் பைகளை எண்ணி எடுத்துக்கொண்டு போனார். முதலாளி அன்று முழுக்க முகம் கொடுக்காமல் என்னிடம் கன்னடத்தில் மட்டும் பேசினார்.

மந்தக் காதுக்கு எப்படித் தெரிந்தது என்று ரொம்ப வருடம் கழித்துத்தான் ஓரளவு புரிந்தது. இந்த எம்பி3 முறையைச் செய்தவர்கள் நல்ல காது ஒன்றைக் கணக்கில் வைத்துச் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவன் விசில் அடித்தால் கொசு பாடுவது உங்களுக்குக் கேட்காது. அதனால் கொசுவைத் தூக்கி எறிந்துவிடலாம், யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். ஆனால் விசிலே கேட்காத காது ஒன்று இருந்தால்? கொசு இருந்த இடம் காலியாக இருப்பது அதற்குத் தெரிந்துவிடலாம். படித்தவர்கள் இதில் நூறு திருத்தம் சொல்வார்கள், சொல்லட்டும். கணக்குப் போட்டவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் நைனாவைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

மாஸ்டர் திரும்ப வந்த அன்று சாயங்காலமே ரயிலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மன்னிப்பை மெதுவாகக் கேட்டுத்தான் நமக்குப் பழக்கம். மெதுவாகச் சொன்னேன். "இன்னா?" என்றார். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "இன்னா சொல்ற நீ?" என்று காதை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினேன்: "அன்னிக்கு ஒன்ன என் நைனான்னு சொல்லாம விட்டேன். நீ சொன்னதுதான் சரி. நான் தப்பு பண்ணிட்டேன்." சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் பங்காருபேட்டையில் நின்று, சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. முழுப் பெட்டிக்கும் கேட்டது. ஸ்டெல்லாக்காவின் கையில் அவரைக்காய் உரித்தது பாதி, உரிக்காதது பாதியாக நின்றது.

நைனா சன்னலைப் பார்த்துக்கொண்டு, "எதுக்குக் கத்தற? கேக்குது" என்றார். வண்டி திரும்பக் கிளம்பிய பிறகு, அவராகவே, "அன்னிக்கே கேட்டுச்சு" என்றார்.

அதன் பிறகு ஸ்டெல்லாக்காவின் மடியிலிருந்து ஒரு கை அவரையை எடுத்து எனக்குப் பாதி கொடுத்து உரிக்கச் சொன்னார். நான் அழுதுகொண்டே உரித்தேன், உரித்ததில் பாதி கீழே விழுந்தது.

இப்போது அந்தக் கடை இல்லை. முதலில் ஃபோன் உறை விற்றார்கள், அப்புறம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பிட் ரேட் எவ்வளவு என்று கேட்கும் கஸ்டமர் இல்லை. செயலி தானே முடிவு செய்துகொள்கிறது. கே.ஜி.எஃப். ரயில் ஓடுகிறது, ஆளுக்கொரு இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பாடம் கேட்க யாருமில்லை. நைனா போய் நாலு வருடம் ஆகிறது. கடைசிக் காலத்தில் சுத்தமாகக் காது கேட்காது, ஆனால் நாம் என்ன பேசினோம் என்று நமக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் விற்ற பிளேயர்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் மைக் படம் போட்ட ஒரு சின்ன பொத்தான் இருந்தது. அழுத்திப் பிடித்தால் குரல் பதியும். எத்தனையோ பேருக்கு ஹலோ ஹலோ சொல்லச் சொல்லி, பதிந்து, திரும்பப் போட்டுக் காட்டி, அவர்கள் தங்கள் குரலைக் கேட்டு வெட்கப்படுவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். காட்டி முடித்ததும் அழித்துவிடுவேன், அடுத்த கஸ்டமருக்கு இடம் வேண்டுமே. ரயிலே அதிர "கோடெக் என்றால் என்ன?" என்று கேட்டவரின் வாய்க்கு நேரே ஒரு நாளும் அதைப் பிடிக்கத் தோன்றவில்லை. எங்கேயும் அவர் குரல் இல்லை. அறுபத்து நாலு வேண்டாம், முப்பத்திரண்டில் இருந்தாலும் போதும். பொள்ளலாக இருந்தாலும் கேட்பேன்.